ஐந்து நட்சத்திர இஸ்திரிப் பெட்டி

"இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்காம, ஒரு சாமானையும் கையால தொடாம, உலகத்துல எது நல்லது எது சொத்தைன்னு நான் சொல்லிடுவேன். தொட்டுப் பாக்கிறவன்தான் ஏமாறுவான். எண்ணு ஏமாத்தாது!"

இந்தப் பிரகடனம் வெளியான இடம் ஒரு தையல் கடை. வெளியிட்டவரைத் தெருவில் எல்லோரும் 'ஸ்டார்' என்று கூப்பிடுவார்கள். அவர் குறிப்பிட்ட நாற்காலி அவருடையதல்ல. அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காருவதற்காக அவருடைய அக்கா போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி. அதன் பின்னங்கால் ஒன்றில் விரிசல் உண்டு, சாய்ந்து உட்காரக் கூடாது என்பது கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். ஸ்டார் நன்றாகச் சாய்ந்துகொண்டுதான் பேசினார். பேசி முடித்ததும் கால் 'சடக்' என்றது. தரையில் கிடந்தபடி அவர் பார்த்தபோது நாற்காலிக்கு நான்கு கால்களும் இருக்கவே செய்தன. எண் ஏமாற்றவில்லை.

"எந்திரிடா. இருந்த ஒரு நாற்காலியையும் ஒடச்சுட்டுப் பேச்சைப் பாரு" என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோர்த்தபடியே.

"இது செஞ்சவன் தப்புக்கா. கேஸ் போடணும்" என்றார் ஸ்டார், இன்னும் தரையிலிருந்தே.

அவர் கோபக்காரர் என்று சொல்லிவிட்டால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். சாதாரண மனிதனுக்குப் பசி வருகிற மாதிரி அவருக்கு நியாயக் கோபம் வரும், வேளாவேளைக்கு வரும். குப்பை வண்டி குப்பைத் தொட்டியைத் தள்ளி நிறுத்தினால் வரும். பிஸ்கட் பொட்டலத்தில் 'இங்கே கிழிக்கவும்' என்று போட்ட இடத்தில் கிழியாவிட்டால் வரும். அந்த நிறுவனத்துக்கு உடனே ஒரு மின்னஞ்சல் போகும். பதில் வராது. அதற்கு இன்னொரு கோபம். இப்படி ஒரு பொட்டலம் பிஸ்கட்டில் இரண்டு நாள் ஓடும்.

வேலையை விட்டதும் நியாயக் கோபத்தால்தான். பல் மருத்துவர்களுக்கும் சோபா கடைகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் டெவலப்பராக இருந்தார். சோபா கடைக்காரர் ஒருவர், 'இந்த சோபாவை இப்போது ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று பக்கத்தில் மினுக்க வேண்டும் என்று கேட்டார்.

"ஏழு பேர் எங்க சார் பாக்கிறாங்க?" என்று ஸ்டார் மேனேஜரைக் கேட்டார்.

"அது சும்மா ஒரு எண்ணுப்பா. அப்பப்ப மாறுற மாதிரி போட்டு விடு."

"எண்ணுன்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா?"

அன்றைக்கே ராஜினாமா எழுதினார். போகும் முன் அந்தப் பக்கத்தில் உண்மையான எண்ணிக்கை காட்டும்படி நிரல் எழுதிவிட்டுத்தான் போனார். மறுநாள் காலை முதல் மாலை வரை சோபா கடைத் தளத்தில் 'இந்த சோபாவை இப்போது ஒருவரும் பார்க்கவில்லை' என்ற வாசகம் சிவப்பு எழுத்தில் மினுக்கியது. சோபா கடைக்காரருக்கு மாரடைப்பு வராமல் போனது அவருடைய நல்ல காலம்.

இப்படிப்பட்ட சத்தியவான் வீட்டில் சும்மா இருப்பாரா? சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவே ஒரு இடுக்கு இருந்தது. வாஷிங் மெஷின் அங்கேதான். அதன் பக்கத்தில் ஒரு மேசையைச் செருகி, அதன் மேல் கணினியை வைத்தார். மெஷின் பிழியும் வேகத்துக்குப் போகும்போது மேசை நடுங்கும். திரையில் எழுத்துகள் குளிரில் விறைத்த பிள்ளைகள் மாதிரி ஆடும். தலைக்கு மேலே கொடியில் துண்டுகள் சொட்டும். அந்த இடுக்கிலிருந்துதான் உலகத்துக்கு நீதி வழங்கும் தளம் பிறந்தது. பெயர் 'துலாக்கோல்'.

தளத்தின் வேலை எளிது. உங்களுக்கு ஒரு மின்விசிறி வேண்டும், எதை வாங்குவது என்று தெரியவில்லை. துலாக்கோலுக்கு வருகிறீர்கள். மின்விசிறிகளை அது வரிசைப்படுத்தி வைத்திருக்கும். முதலிடத்தில் இருப்பதன் கீழே ஒரு லிங்க். அதை அழுத்தினால் இணையத்தில் உள்ள ஒரு பெருங்கடைக்குப் போவீர்கள். அங்கே நீங்கள் வாங்கினால், அனுப்பி வைத்த புண்ணியத்துக்கு ஸ்டாருக்கு ஒரு துளி கமிஷன்.

"ஏங்க, நீங்க என்ன விக்கிறீங்கன்னு மருந்துக்கடையில கேக்கிறாங்க. என்னன்னு சொல்ல?" என்று மனைவி ஒரு நாள் கேட்டாள். அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். இடுக்கிலிருந்து துளி விழும்வரை வீட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது அவளுடைய சம்பளம்.

"நான் எதையும் விக்கல. வழி காட்டுறேன்."

"வழிகாட்டிப் பலகைக்கு யாருங்க சம்பளம் குடுப்பா?"

"கடைக்காரன் குடுப்பான். ஏபிஐ இப்பதான் ஒழுங்காப் பேச ஆரம்பிச்சிருக்கு."

"நம்ம வீட்ல அதாவது ஒழுங்காப் பேசுதே" என்று அவள் கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு போனாள்.

ஏபிஐ என்பது வேறொன்றுமில்லை. பெருங்கடைக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலில் மனிதர்கள் வந்து பார்த்து வாங்குவார்கள். பின் ஜன்னலுக்கு நிரல்கள் வரும், சீட்டு நீட்டும். இந்தச் சாமான் என்ன விலை, எத்தனை நட்சத்திரம், எத்தனை பேர் போட்டார்கள்? ஜன்னல் பதிலை அள்ளிக் கொடுக்கும். ஆனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ரேஷன் உண்டு. மீறினால் ஜன்னலைச் சாத்திவிடும்.

ரேஷன் என்றதும் ஸ்டாருக்குள் இருந்த கலைஞன் விழித்துக்கொண்டான். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளையும் சேர்த்தே ஜன்னல் கொடுத்துக்கொண்டிருந்தது. பத்தி பத்தியாக வந்து விழுந்தது. "வெட்டிப் பேச்சு! எவன் படிப்பான்?" என்று, அந்தப் பகுதியே வேண்டாம் என்று சொல்லும் ஒற்றை வரியை எழுதினார். நட்சத்திரமும் எண்ணிக்கையும் போதும். தளம் பறந்தது. அந்த வரியைப் போல அழகான வரியைத் தன் வாழ்நாளில் எழுதியதில்லை என்று அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த அழகைப் பார்க்காமல் போக முடியாது. டெவலப்பர் டூல்ஸைத் திறந்துவிடுவார். இணையப் பக்கத்தின் சட்டையைக் கழற்றி உள்ளே எலும்பும் நரம்பும் எப்படி ஓடுகிறது என்று காட்டும் சாளரம் அது. ஜன்னலுக்குப் போகும் கேள்வியும் வரும் பதிலும் அதில் வரிசையாகத் தெரியும். அக்காவின் கணவரை ஒரு மாலை முழுக்க அதன் முன் உட்கார வைத்தார்.

"பாத்தீங்களா அத்தான், எல்லாம் பச்சை! ஒரு எரர் கிடையாது!"

"பச்சையாத்தான் இருக்கு மாப்ளே" என்றார் அத்தான், எதிரே நெடுநேரமாகக் காலியாக இருந்த டம்ளரைப் பார்த்தபடி.

துலாக்கோல் மின்விசிறியை நிறுத்தது, குக்கரை நிறுத்தது, எவரும் வரவில்லை. பிறகு ஒரு நாள், என்ன புண்ணியமோ, தேடுபொறி அதன் இஸ்திரிப் பெட்டிப் பக்கத்தைத் தூக்கி உச்சியில் வைத்துவிட்டது. நல்ல இஸ்திரிப் பெட்டி எது என்று யார் கேட்டாலும் ஸ்டார் வீட்டு இடுக்குக்கு வந்துதான் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் முதலிடம் நீலக் கைப்பிடி போட்ட ஒரு பெட்டிக்கு. நாலாயிரம் பேர் வாரி வழங்கிய நட்சத்திரங்களோடு அது சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தது. துளி விழத் தொடங்கியது. பிறகு சொட்டுச் சொட்டாக, பிறகு ஒழுகவே செய்தது. மற்ற பக்கங்கள் எல்லாம் ஈ ஓட்டின. வீட்டு வாடகையில் பாதியை நீலக் கைப்பிடி கொடுத்தது. மருந்துக்கடையில் கேட்டவர்களிடம் மனைவி இப்போது, "அவர் கம்ப்யூட்டர்ல ஆராய்ச்சி பண்றார்" என்றாள்.

அக்காவின் கடையில் பழைய பெட்டி உயிரை விட்டது இந்த நேரத்தில்தான்.

"என் லிங்க்ல போயி வாங்குக்கா. நேராப் போயிடாதே" என்று ஸ்டார் சொன்னார். அக்கா அப்படியே வாங்கினாள். தம்பி வயிற்றில் அடிப்பாளா?

அதற்குப் பிறகு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில் வாஷிங் மெஷின் பிழிந்துகொண்டிருந்தது, மேசை நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். கையிலிருந்த பையைத் திறந்து, நீலக் கைப்பிடியை எடுத்து, விசைப்பலகையின் மேலேயே வைத்தாள். திரையில் ஒரே எழுத்து முடிவில்லாமல் ஓடத் தொடங்கியது.

"என்னக்கா இது?"

"நீயே சொல்லு. நீதான் தொடாமலே சொல்லிடுவியே."

"பெட்டிக்கு என்ன?"

"திருகைத் திருப்பு."

திருப்பினார். பட்டு, கம்பளி, பருத்தி என்று திருகு வழுவழுவென்று போய் வந்தது. "திரும்புதேக்கா."

"திரும்புது. அது மட்டுந்தான் திரும்புது. சூடு திரும்பல. பட்டுல வச்சாலும் பருத்திச் சூடுதான். உள்ள ஒண்ணுத்தோட ஒண்ணு ஒட்டவே இல்ல போல."

பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தாள். இளம்பச்சைப் பட்டில் ஒரு மேல்சட்டை. தோள்பட்டையில் படகு வடிவத்தில் பழுப்பாக ஒரு கருகல்.

"பள்ளிக்கூட டீச்சரோடது. வெள்ளிக்கிழமை ரிட்டையர் ஆகுறாங்க. அன்னிக்கு மேடையில போட்டுக்கணும்னு ரெண்டு தடவை வந்து அளவு பாத்துட்டுப் போனாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லடா. ஒண்ணுமே சொல்லல. மடிச்சு என் கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்படி மடிச்சாங்க பாரு, அதுதான் தாங்கல."

இந்த இடத்தில் ஒரு சாதாரணத் தம்பி, "ஐயோ அக்கா" என்று சொல்லியிருப்பான். ஸ்டார் விசாரணைக் கமிஷன் அமைத்தார்.

"மேல துணி போட்டுத் தேய்ச்சியா?"

"உன் பள்ளிக்கூட டவுசரைத் தேய்ச்சவடா நான். எனக்கே பாடமா?"

"அதுக்கில்லக்கா. நாலாயிரம் பேரு நல்லா இருக்குங்கிறாங்க. நீ ஒருத்தி மட்டும்..."

வாஷிங் மெஷின் சரியாக அந்த நேரம் பார்த்து நின்றது. வீடு நிசப்தமானது.

"அப்ப அந்த நாலாயிரம் பேரையும் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து தச்சுக் குடுக்கச் சொல்லு" என்றாள் அக்கா. சட்டையைக் காகிதத்தில் சுற்றினாள். "இந்தச் சனியனை உன் பக்கத்துல மொத எடத்துலேர்ந்து எறக்கு. எறக்குற வரைக்கும் என் கடை வாசப்படியை மிதிக்காதே."

பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். திரையில் அந்த ஒற்றை எழுத்து அறுபத்துச் சொச்சம் பக்கங்களைத் தாண்டியிருந்தது.

ஸ்டாருக்கு வந்த கோபம் இதுவரை வந்த கோபங்களையெல்லாம் பிஸ்கட் பொட்டலமாக்கியது. பெருங்கடையின் புகார்ப் பக்கத்தைத் திறந்தார். அங்கே மனிதர் இல்லை, 'உதவித் தோழி' என்று ஒரு இயந்திரம் இருந்தது.

'உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது. உங்கள் கோரிக்கை எதைப் பற்றியது?'

'என் உணர்வு உனக்கு எப்படிப் புரியும்? நான் இன்னும் சொல்லவே இல்லையே!' என்று தட்டினார்.

'மிக்க மகிழ்ச்சி. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?'

திருப்பிக் கொடுக்கும் தேதி முடிந்துவிட்டது என்றது தோழி. விற்றவரிடம் பேசுங்கள் என்றது. விற்றவருக்கு எழுதினால், கடையிடம் பேசுங்கள் என்று வந்தது. பெட்டி செய்த கம்பெனியைத் தேடினார். பெட்டியின் அடியில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நல்ல தரம்' என்று மட்டும் அச்சிட்டிருந்தது. "தரத்தைச் சொல்றவன் பேரைச் சொல்ல மாட்டானா!" என்று இடுக்கு அதிரக் கத்தினார். கொடியில் இருந்த துண்டு ஒன்று அவர் தலையில் விழுந்தது.

கடைசியில் டெவலப்பர் டூல்ஸைத் திறக்கும் எஃப் பன்னிரண்டு பொத்தானை அழுத்தினார். பெருங்கடையின் யோக்கியதையை அதன் எலும்போடு எடுத்து உலகத்துக்குக் காட்டிவிடுவது என்று முடிவு. நாலாயிரம் பேர் எழுதியதையும் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அதனால், 'வெட்டிப் பேச்சு வேண்டாம்' என்று சொன்ன அந்த அழகான வரியைத் தற்காலிகமாக நீக்கினார். ஜன்னல் அள்ளிக் கொட்டியது. படிக்கத் தொடங்கினார்.

'கச்சிதமாகப் பொருந்துகிறது. ஐந்து நட்சத்திரம்.'

இஸ்திரிப் பெட்டி எதில் பொருந்தும்? அடுத்ததைப் பார்த்தார்.

'மாடிப்படியில் உருண்டு விழுந்தது. திரைக்கு ஒரு கீறல் இல்லை!'

'பாக்கெட்டில் வைத்தால் வழுக்குவதில்லை.'

'கேமரா ஓட்டை மட்டும் கொஞ்சம் பெரிது. மற்றபடி அருமை.'

நாலாயிரத்தில் பெரும்பாலானவர்கள் மெச்சியிருந்தது ஒரு போன் உறையை. விற்றவன் நன்றாக ஓடிய உறையின் பக்கத்தை மூடாமல், படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றி இஸ்திரிப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டான். நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்தப் பக்கத்துக்குக் கடை கொடுத்திருந்த அடையாள எண்ணும் அதே எண். ஸ்டாரின் நிரல் அந்த எண்ணைத்தான் கேட்டது; ஜன்னல் அந்த எண்ணுக்குத்தான் பதில் சொன்னது. எண் ஏமாற்றவில்லை.

"திருட்டுப் பயலே!" என்றார் ஸ்டார். சோபா கடைக்காரர் பொய்யாக ஏழு பேரைக் கேட்டார். இவன் உண்மையான நாலாயிரம் பேரையே கடத்திக்கொண்டு வந்துவிட்டான். இதற்குத் தனிச் சட்டமே வேண்டும். மின்னஞ்சலைத் தட்டத் தொடங்கினார், 'மாண்புமிகு' என்று ஆரம்பித்து. யாருக்கு என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மின்னஞ்சலுக்கு இன்னும் கொஞ்சம் சாட்சி சேர்க்கக் கீழே போனார். பெட்டியை உண்மையிலேயே வாங்கியவர்கள் கடைசியில் இருந்தார்கள். 'துலாக்கோலில் முதலிடம் பார்த்து வாங்கினேன். முதலிடம் என்றால் சும்மாவா? ஐந்து நட்சத்திரம்.' 'துலாக்கோல் சொன்னது. டப்பா அழகாக இருக்கிறது.' இப்படிப் பலர். துலாக்கோல் நட்சத்திரத்தைப் பார்த்து முதலிடம் கொடுத்தது. அவர்கள் முதலிடத்தைப் பார்த்து நட்சத்திரம் கொடுத்தார்கள். நடுவில் ஒருவரும் ஒரு சட்டையைத் தேய்க்கவில்லை.

அதற்கும் கீழே ஒன்று இருந்தது.

'இது என் தம்பி சொன்ன பெட்டி. தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.'

யார் எழுதியது என்று பார்க்க டெவலப்பர் டூல்ஸ் தேவைப்படவில்லை.

மின்னஞ்சல் 'மாண்புமிகு'வோடு நின்றது.

சாயங்காலம் மனைவி வந்தபோது கதையைச் சொன்னார். விற்றவனைத் திட்டினார், கடையைத் திட்டினார், தோழியைத் திட்டினார். அக்கா எழுதியதை மட்டும் சொல்லவில்லை. மனைவி கைப்பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"சரி. எறக்கிடுவீங்களா?"

"நான் ஏன் எறக்கணும்? தப்புப் பண்ணினவன் அவன். நான் கணக்குப்படி போட்டேன்."

"எறக்கினா வாடகைக்கு இடிக்கும். அது எனக்கும் தெரியும். அதனால எறக்குங்கன்னு நான் சொல்லல." அவள் விசைப்பலகையின் பக்கத்தில் கிடந்த பெட்டியைத் தூக்கி வாஷிங் மெஷின் மேல் வைத்தாள். "ஆனா நம்ம வீட்டுத் துணியை மட்டும் இதுல தேய்க்காதீங்க."

இது குத்தலா, வீட்டு நிர்வாகமா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை. காலையிலேயே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். இறக்குவது என்ன, நிரலைத் திருத்திவிட்டால் சரியான பெட்டி தானாக மேலே வந்துவிடும். வாடகையும் நிற்காது, அக்காவும் பேசுவாள். எண்ணை எண்ணாலேயே திருத்துவோம் என்று கிளம்பினார். 'திரை', 'கேமரா', 'பாக்கெட்' என்ற சொற்கள் வரும் கருத்துகளைக் கழித்தார். நீலக் கைப்பிடி சிம்மாசனத்திலிருந்து உருண்டது. ஸ்டார் மேசையைத் தட்டினார்.

இரண்டாவதாக இருந்த பெட்டி மேலே வந்தது. அதன் கருத்துகளைப் படித்தார். 'கொண்டுவந்து கொடுத்த தம்பி மரியாதையாகப் பேசினார். ஐந்து நட்சத்திரம்.' "பெட்டியைப் பத்திச் சொல்லுங்கடா!" என்று கழித்தார். மூன்றாவது வந்தது. 'மைத்துனிக்குப் பரிசாகக் கொடுத்தேன். பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.' கழித்தார். 'நிறம் சமையலறைச் சுவருக்குப் பொருத்தம்.' கழித்தார். 'ஒரு நாள் முன்னாடியே வந்துவிட்டது!' 'இன்னும் உபயோகிக்கவில்லை, ஆனால் நல்ல கனம்.' 'வயர் நீளம். பூனை விளையாடுகிறது.' ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுதினார். ஒவ்வொரு விதிக்கும் மனித குலத்தின் மேல் ஒரு கோபம் கூடியது. "சாமான் வாங்குறீங்களா, ஜாதகம் பாக்குறீங்களா? டப்பாவுக்கு மார்க், பூனைக்கு மார்க், வந்த ஆளுக்கு மார்க்! தேய்ச்சவன் ஒருத்தன்கூட இல்லையா இந்த உலகத்துல?"

வியாழக்கிழமை மத்தியானம் நிரல் முழுமை அடைந்தது. அவர் எழுதியதிலேயே நேர்மையான நிரல் அதுதான். பொத்தானை அழுத்தினார். இஸ்திரிப் பெட்டிப் பக்கம் பளிச்சென்று திறந்தது. தலைப்பு இருந்தது, வரிசை எண்கள் இருந்தன. பெட்டி ஒன்றுகூட இல்லை.

டெவலப்பர் டூல்ஸில் எல்லாம் பச்சை. ஒரு எரர் கிடையாது.

அவர் கத்தவில்லை. அது அந்த வீட்டில் புதுமை. வாஷிங் மெஷின் மேல் இருந்த நீலக் கைப்பிடியைப் பார்த்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா சொல்லி அதன் திருகைத் திருப்பினாரே, துலாக்கோல் வரிசைப்படுத்தியவற்றில் அவர் கையால் தொட்ட ஒரே சாமான் அதுதான்.

வெற்றுப் பக்கத்தில் ஒரு வரியைத் தட்டினார். 'இங்கே முதலிடத்தில் இருந்த நீலக் கைப்பிடிப் பெட்டியை வாங்க வேண்டாம். வாங்கியிருந்தால் பட்டில் வைக்க வேண்டாம்.' லிங்க்கை எடுத்தார். பக்கத்தை வெளியிட்டார். துளியின் குழாய் மூடிக்கொண்ட சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதெல்லாம் சத்தம் போடாமல்தான் மூடும். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

பெரிய தெருவில் மின்சாமான் கடை ஒன்று இருந்தது. முன்வாசல் உள்ள கடை. இஸ்திரிப் பெட்டிகள் கண்ணாடி அலமாரியில் வரிசையாக மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. ஸ்டார் அங்கே நின்ற விதத்தைப் பார்த்து, விற்பனைப் பெண் அவரைத் திருடன் என்று நினைத்திருக்கலாம்.

"என்ன சார் பாக்கிறீங்க?"

"இதை... கையில எடுத்துப் பாக்கலாமா?"

"எடுத்துப் பாக்கத்தானே சார் கடை வச்சிருக்கு."

"பிளக் போட்டுப் பாக்கலாமா?"

அவள் அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். "வீட்ல அம்மா சொல்லி அனுப்பினாங்களா சார்?"

"அக்கா" என்றார் ஸ்டார்.

அக்கா கடைக்கு அவர் போனபோது சாயங்கால வெளிச்சம் வாசல் வரை வந்திருந்தது. வாசற்படியில் கால் வைக்காமல் வெளியே நின்றார். உள்ளே அக்கா இளம்பச்சைப் பட்டுக்குப் புதுத் தோள்பட்டை தைத்துக்கொண்டிருந்தாள். மிச்சத் துணி முழுத் தோளுக்குப் போதவில்லை போல. ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் இருக்க அதன் மேல் ஒரு மடிப்பு வைத்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன்."

"வாடகைக்கு?"

"அது பாத்துக்கலாம்."

"யாரு பாத்துப்பா, உன் பொண்டாட்டியா?"

மிஷின் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"வா. வாசல்ல நின்னா வெளிச்சத்தை மறைக்கிற."

உள்ளே வந்தார். உட்கார நாற்காலி இல்லை. அந்தப் பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் காலை அத்தான் துணிக்கிழிசலால் கட்டி மூலையில் சாய்த்து வைத்திருந்தார். அதில் நூல்கண்டுகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. ஸ்டார் நின்றுகொண்டே புதுப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்துத் தேய்ப்பு மேசையில் வைத்தார். பிளக்கைச் செருகினார். திருகைப் பட்டுக்குத் திருப்பினார்.

அக்கா தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "இதுக்கு எத்தனை நட்சத்திரம்டா?"

"தெரியலக்கா."

"நாலாயிரம் பேரைக் கேக்கலையா?"

மேசைக்கு அடியில் இருந்த வெட்டுத்துணிப் பையில் கையை விட்டுத் துழாவினார். பருத்தியில் ஒன்று, கம்பளியில் ஒன்று, இளம்பச்சைப் பட்டில் விரல் அகலத்துக்கு ஒன்று. அதை மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவினார். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, பெட்டியின் அடியில் வைத்தார். 'ஸ்ஸ்' என்றது. விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"சுட்டுதா?"

"கொஞ்சம்" என்றார், விரல் வாயில் இருந்தபடியே. பெட்டியைத் தூக்கினார். "நீ தச்சுட்டு இரு. நான் தேய்ச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."